யார் விசாரித்தார்கள்?

எனக்கு ஒரு பழைய நண்பர் உண்டு. முப்பது வருஷம் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். திருக்குறளில் ஏதாவது ஓர் அதிகாரத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். மாலை ஐந்து மணிக்கு ஆரம்பிப்பவர், ராத்திரிச் சாப்பாட்டுக்கு இலை போட்ட பிறகுதான் நிறுத்துவார். அவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி ஒரு மர்ம நாவலில் மூழ்கியிருந்தேன். அட்டையில் ஒற்றை வீடு, ஒரே ஒரு ஜன்னலில் விளக்கு, வாசலில் ஒரு நிழல். புத்தகத்தை மறைக்க அவகாசம் கிடைக்கவில்லை.

"என்ன ஐயா இது? ஊருக்கெல்லாம் மனச்சாட்சி, ஒழுக்கம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர். வீட்டில் உட்கார்ந்து கொலைக் கதை படிக்கிறீர்! ஒருவன் கழுத்தை நெரித்துக் கொல்லப்படுவதைப் படித்து ரசிப்பதற்கும், தோப்பில் கூட்டத்தோடு நின்று சேவல் சண்டை பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம்? சொல்லும், கேட்கிறேன்" என்றார்.

நான் அன்றைக்கு என்னென்னவோ சொன்னேன். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இல்லாவிட்டால் நம் பாட்டிமாரில் பலர் எழுத்துக் கூட்டிப் படிக்கவே கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்றேன். குற்றவாளி கடைசியில் அகப்பட்டுக்கொள்கிறானே, அது தர்மம் ஜெயிப்பதுதானே என்றேன். அவர் சிரித்துக்கொண்டே காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். கேள்வி போகவில்லை. பல நாள் கழித்து எனக்கு ஒரு பதில் கிடைத்தது. அது எனக்குச் சாதகமான பதில் இல்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மர்மக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த வகை ஒன்று உண்டு. ஊரைவிட்டு ஒதுங்கிய ஒரு விடுதி. மழையோ பனியோ கொட்டுகிறது. வெளியே போக வழியில்லை. உள்ளே ஏழெட்டுப் பேர். ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். அவர்களில் ஒருவன் கொலைகாரன். டாப்னி டு மாரியர் 1936-ல் எழுதிய 'ஜமைக்கா இன்' நாவலில் கார்ன்வால் சதுப்பு வெளியில் ஒரு சத்திரம். வண்டிகள் நிற்காமல் குதிரையைத் தட்டிவிட்டுக் கடந்து போகும் சத்திரம். ஹிட்ச்காக் அதைப் படமாக எடுத்தார். அதற்குப் பல வருஷங்கள் கழித்து, 1960-ல், நெடுஞ்சாலை மாறிப்போனதால் ஆள் வரத்து அற்றுப்போன ஒரு வழியோர விடுதியை வைத்து அவர் எடுத்த 'சைக்கோ' படத்தைப் பார்த்துவிட்டு, குளியலறைக் கதவைத் தாழிட பயந்தவர்களும் உண்டு, தாழிடாமல் இருக்க பயந்தவர்களும் உண்டு.

விடுதி என்றால் ஏன் இந்தப் பயம்? பட்டணத்துப் பெரிய ஓட்டலில் இந்தப் பயம் கிடையாது. ஓட்டல் என்பது கூரை போட்ட தெரு. ஆனால் ஒரு குடும்பம் தன் சொந்த வீட்டையே விடுதியாக்கி, நாலு அறைகளை வாடகைக்கு விட்டு, தன் சமையலையே நமக்கும் பரிமாறுகிறதே, அந்த இடம் வேறு. அங்கே நாம் பணம் கொடுத்து வந்தவர்களும் இல்லை, விருந்தாளிகளும் இல்லை, இரண்டுமாக இருக்கிறோம். அந்நியன் வைத்த சோற்றைச் சாப்பிட்டு, அந்நியன் விரித்த படுக்கையில் கண்ணை மூடுகிறோம். வீட்டுக்காரனுக்கும் அதே கதிதான். யாரென்று தெரியாதவனை உள்ளே விட்டுவிட்டு அவனும் தூங்கியாக வேண்டும்.

நம் பெரியவர்கள் இந்தச் சங்கடத்துக்குத் திண்ணை என்று ஒரு வழி கண்டார்கள். வழிப்போக்கன் வந்தால் படுத்துக்கொள்ளலாம். சொம்பில் தண்ணீர், முடிந்தால் ஒரு பிடி சோறு. ஆனால் ரேழிக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். தர்மமும் சந்தேகமும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் நிம்மதியாகத் தூங்கின! இத்தனை முன்யோசனை உள்ள தேசத்தில்தான் வில்வலன், வாதாபி கதையும் பிறந்தது. அண்ணன் விருந்துக்கு அழைப்பான். தம்பி ஆடாக மாறி உணவாவான். விருந்தாளி கையலம்புவதற்குள் அண்ணன் குரல் கொடுக்க, தம்பி வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவான். அகத்தியர் வயிற்றைத் தடவிக்கொண்டு அவனை ஜீரணம் செய்துவிட்ட பிறகுதான் அந்த வழியே போகிறவர்களுக்கு நிம்மதி. உலகத்தின் முதல் மர்ம விடுதிக் கதை இதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சாப்பாடு அருமையாக இருந்ததாக வேறு சொல்கிறார்கள்.

இந்த வகைக்கு இலக்கணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அகதா கிறிஸ்டியின் நாடகத்தைச் சொல்வேன். 'மௌஸ்ட்ராப்', அதாவது எலிப்பொறி. 1952 நவம்பர் 25-ந் தேதி லண்டன் அம்பாசடர்ஸ் நாடக அரங்கில் ஆரம்பமாயிற்று. 1974-ல் பக்கத்திலுள்ள செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்குக்கு இடம் மாறியது. 2020 மார்ச்சில் தொற்று நோய் உலகத்தையே மூடியபோதுதான் முதல் தடவையாக நின்றது. அடுத்த வருஷம் மே மாதத்தில் மறுபடி தொடங்கிவிட்டது. நான் லண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது மாப்பிள்ளை டிக்கெட் வாங்கிக் கொடுத்து அழைத்துப் போனார். ஏற்கெனவே புத்தகமாகப் படித்திருந்தேன், முடிவு தெரியும். இருந்தும் இரண்டாம் அங்கத்தில் உள்ளங்கை வேர்த்தது.

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் மாங்க்ஸ்வெல் மேனர் என்று ஒரு பழைய பெரிய வீடு. இளம் தம்பதிகள் அதை விருந்தினர் விடுதியாக ஆக்கியிருக்கிறார்கள். அனுபவம் கிடையாது. வேலைக்கு ஆள் கிடையாது. முதல் நாள், முதல் விருந்தாளிகள். பனி கொட்டுகிறது. வானொலியில் ஒரு செய்தி: லண்டனில் ஒரு பெண் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டாள், கொலையாளி கறுப்புக் கோட்டும் வெளிறிய கழுத்துத் துணியும் மிருதுவான தொப்பியும் அணிந்திருந்தான். கதவு திறக்கிறது. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் கறுப்புக் கோட்டு, வெளிறிய கழுத்துத் துணி, தொப்பி! வண்டி பனியில் கவிழ்ந்துவிட்டது என்று அழைக்காத ஒருவரும் வந்து சேருகிறார். கடைசியில் பனிச்சறுக்குக் கட்டைகளில் ஒரு போலீஸ் சார்ஜெண்ட் வருகிறார். டெலிபோன் கம்பி அறுந்து கிடக்கிறது.

கொலைகாரன் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. திரை விழுந்ததும் நடிகர் ஒருவர் மேடை முன்னால் வந்து, ரகசியத்தை வெளியே விடாதீர்கள் என்று சபையோரைக் கேட்டுக்கொள்வது அந்த நாடகத்தின் சம்பிரதாயம். இத்தனை வருஷமாக ஜனங்கள் அதைப் பெரும்பாலும் காப்பாற்றி வருகிறார்கள். நான் ஒருவன் துரோகியாக வேண்டாம்.

இதில் நமக்கு என்ன சந்தோஷம்? ஆங்கிலக் கவி ஆடன் 1948-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். அவருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. புகையிலை, மதுவைப் போல் தன்னை விடாத பழக்கம் என்று ஒப்புக்கொள்கிறார். துப்பறியும் கதை படிக்கிறவன் ஒரு பாவமற்ற உலகத்துக்குத் திரும்பிப் போக ஆசைப்படுகிறான் என்பது அவர் கருத்து. எனக்கு அது சரியென்றே படுகிறது. முதல் பக்கத்திலிருந்து எல்லோர் மேலும் சந்தேகம். கடைசிப் பக்கத்தில் விரல் ஒருவனை மட்டும் சுட்டுகிறது. மற்றவர்கள் எல்லோரும் ஒரே நொடியில் நிரபராதிகள் ஆகிவிடுகிறார்கள். அவர்களோடு சேர்ந்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நாமும். எந்தக் கோவிலிலும் இத்தனை மலிவாகப் பாவம் தொலைவதில்லை. ஐந்நூறு ரூபாய்ப் புத்தகம், ஒரு ராத்திரித் தூக்கம், அவ்வளவுதான்.

ஆனால் இந்த நாடகத்துக்குப் பின்னால் ஓர் உண்மைப் பையன் இருக்கிறான்.

டென்னிஸ் ஓநீல் என்று பெயர். வேல்ஸ் பகுதியில் நியூபோர்ட் ஊர்ப் பிள்ளை. பெற்றோரால் சரியாகப் பராமரிக்க முடியவில்லை என்று நகராட்சி அவனையும் சகோதரர்களையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1944-ம் வருஷம், யுத்த காலம். ஷ்ராப்ஷயரில் மின்ஸ்டர்லி என்ற ஊருக்கு அருகே மலைப்பாங்கான இடத்தில் ஒரு பண்ணை வீடு. அங்கே பணம் கொடுத்து வளர்க்க விட்டார்கள். கூடவே தம்பியையும். 1945 ஜனவரி 9-ந் தேதி டென்னிஸ் இறந்துபோனான். வயது பன்னிரண்டு. பல நாள் அரைப் பட்டினி. முதுகில் பிரம்படி. மார்பில் குத்து. பத்து வயதுத் தம்பி கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னான். பண்ணைக்காரனுக்கு ஆறு வருஷம். அவன் மனைவிக்கு ஆறு மாதம்.

இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம். அரசாங்கமும் கேட்டது. ஸர் வால்டர் மாங்க்டன் தலைமையில் விசாரணை நடந்தது. அதில் வெளிவந்த சங்கதிகள்தான் எனக்குக் கொலையைவிடப் பயங்கரமாகப் படுகின்றன. பையனை அனுப்பியது ஓர் ஊர் நிர்வாகம். அவன் இருந்தது வேறோர் ஊர் நிர்வாகத்தின் எல்லையில். அவர்கள் பார்ப்பார்கள் என்று இவர்களும், இவர்கள் பார்ப்பார்கள் என்று அவர்களும் இருந்துவிட்டார்கள். டிசம்பர் மாதம் நியூபோர்ட்டிலிருந்து ஒரு பெண் அலுவலர் போய்ப் பார்த்தார். பையன் இருக்கிற நிலை சரியில்லை, அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். காகிதம் மேஜைக்கு மேஜை நகர்ந்து முடிவதற்குள் பையன் முடிந்துவிட்டான்.

அந்தச் சாவு ஒரு தேசத்தை உலுக்கியது. கர்ட்டிஸ் கமிட்டி என்று ஒன்று, பெற்றோர் பராமரிப்பு இல்லாத குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்து 1946-ல் அறிக்கை கொடுத்தது. 1948-ல் குழந்தைகள் சட்டம் வந்தது. நடுவில், 1947 மே மாதம், மேரி மகாராணியின் எண்பதாவது பிறந்த நாளுக்காக பி.பி.சி. ஒரு நாடகம் ஒலிபரப்பியது. எழுதியவர் அகதா கிறிஸ்டி. மகாராணிக்கு அவர் எழுத்து மிகவும் பிடிக்கும். அரை மணி நேர நாடகம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட வித்து இந்தப் பையனின் கதை. அந்த அரை மணி நாடகம்தான் பின்னால் 'எலிப்பொறி'யாக வளர்ந்தது. லண்டனில் கொல்லப்பட்டதாக வானொலி சொல்கிற அந்தப் பெண், ஒரு காலத்தில் மூன்று குழந்தைகளை வளர்ப்புக்கு வாங்கிக் கொடுமைப்படுத்தி, ஒருவனைச் சாகவிட்டு, ஜெயிலுக்குப் போய் வந்த பண்ணைக்காரி. யாரோ பழி வாங்கக் கிளம்பியிருக்கிறார்கள். இந்த அளவு நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே ரகசியத்தை உடைத்த பாவம் எனக்கு இல்லை.

என் நண்பர் பக்கம் கட்சி வலுக்கிறது பாருங்கள். ஒரு பிள்ளை அடியும் பட்டினியுமாகச் செத்தான். அதை எடுத்து ஒரு மகாராணிக்குப் பிறந்த நாள் பரிசாக்கினார்கள். அதோடு போகவில்லை. மேடை நாடகத்தின் உரிமையை அகதா கிறிஸ்டி தம் பேரனுக்குப் பிறந்த நாள் பரிசாகக் கொடுத்துவிட்டார். பேரனுக்கு அப்போது வயது ஒன்பது. அந்த அம்மாளை நான் குற்றம் சொல்லவில்லை. பேரன் மேல் பாட்டிக்கு ஆசை இருப்பது தப்பா? ஆனாலும் பன்னிரண்டு வயதோடு நின்றுபோன ஒரு பிள்ளையின் கதை, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆயுள் பூராவும் வருமானம் தந்தது என்று நினைக்கும்போது, எழுதிப் பிழைக்கிற எவனுக்கும் பேனா கொஞ்சம் கனக்கும். எனக்குக் கனத்தது.

இருந்தாலும் அந்த நாடகத்தைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் இருக்கிறது. அதில் கொலைகாரன் தேடி வருவது அடித்தவர்களை மட்டும் இல்லை. விடுதிக்கு வந்திருக்கும் ஒரு சிடுசிடுத்த சீமாட்டி, குழந்தைகளை அந்தப் பண்ணைக்கு அனுப்பிக் கையெழுத்துப் போட்ட மாஜிஸ்திரேட். இடம் நன்றாகத்தான் இருந்தது, முட்டை, பால் எல்லாம் கிடைக்கும் என்றார்கள், எனக்கு எப்படித் தெரியும் என்கிறாள். இன்னொருத்தி ஓர் ஆசிரியை. செத்துப்போன பையன் சாவதற்கு முன் அவளுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறான், எப்படியாவது காப்பாற்றச் சொல்லி. அவளுக்கு அப்போது கடுமையான நிமோனியாக் காய்ச்சல். கடிதம் மற்றக் கடிதங்களோடு கிடந்துவிட்டது. பிரித்துப் பார்த்தபோது பையன் இல்லை. அந்த ஆசிரியை யார் என்பதையும் நான் சொல்லப் போவதில்லை. அவள் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, கையெழுத்துக்கூடப் போடவில்லை. ஆனாலும் அவள் பல வருஷமாகத் தூங்கவில்லை என்பது அவள் பேச்சில் தெரிகிறது.

விசாரிப்பது என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. போலீஸ்காரன் விசாரிக்கிறான், நீதிபதி விசாரிக்கிறார். அதே சொல்லைத்தான் நாம் கடிதத்தின் கடைசி வரியில் எழுதினோம்: வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். ஜுரம் என்று கேள்விப்பட்டால் போய் விசாரித்துவிட்டு வருகிறோம். துப்பு விசாரிப்பதும் க்ஷேமம் விசாரிப்பதும் நமக்கு ஒரே வார்த்தை. யார் செய்தது என்று கேட்பது ஒன்று. எப்படி இருக்கிறாய் என்று கேட்பது ஒன்று. இரண்டாவதை யாராவது ஒருவர் உரிய காலத்தில் கேட்டிருந்தால் முதலாவதுக்கு வேலையே இருந்திருக்காது. டென்னிஸ் ஓநீல் செத்த பிறகு அவனைப் பற்றி எத்தனை பேர் விசாரித்தார்கள்! கோர்ட்டு, கமிஷன், பத்திரிகைகள், பார்லிமெண்ட். உயிரோடு இருந்தபோது விசாரித்தவர் ஒரே ஒரு பெண் அலுவலர். அவர் எழுதிய குறிப்பையும் யாரும் நேரத்தில் விசாரிக்கவில்லை.

இங்கே நிறுத்தியிருந்தால் நான் நல்ல கட்டுரையாளன். நண்பருக்கும் பதில் சொன்னதாக ஆகியிருக்கும். ஆனால் அரங்கத்தை விட்டு வெளியே வந்து, மாப்பிள்ளையோடு பாதாள ரயிலுக்கு நடந்தபோது, எனக்கு அந்த ஆசிரியையின் கடிதம் மட்டுமே ஞாபகத்தில் நின்றது. "என்ன மாமா, பேசவே மாட்டேன் என்கிறீர்கள்? நாடகம் பிடிக்கவில்லையா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். குளிர் என்று சொல்லிவைத்தேன்.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு தொடர்கதையை முடிப்பதற்காக ஒரு மலையூருக்குப் போய்ப் பத்து நாள் தங்கினேன். ஊர் பெயர் வேண்டாம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் ஏற வேண்டும். ஒரு குடும்பம் நடத்திய சின்ன விடுதி, ஐந்து அறைகள். வீட்டுக்காரர் மரியாதை தெரிந்தவர், நெற்றி நிறைய விபூதி. அம்மாள் வைக்கும் ரசத்துக்காகவே மறுபடி போகலாம். எடுபிடி வேலைக்கு ஒரு பையன். பன்னிரண்டு வயது இருக்கும். கீழே சமவெளியிலிருந்து, தகப்பனுக்கு முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்திருந்தார்கள். விடியற்காலையில் பெரிய தவலையில் வெந்நீர் தூக்கிக்கொண்டு படியேறி வருவான். ஒரு நாள் அவன் இடது கையில் முழங்கை வரைக்கும் கொப்புளம்.

"என்னடா கையில்?"

"வெந்நீர் கொட்டிருச்சு சார்."

"பார்த்துத் தூக்க வேண்டாமா?" என்றேன். என் விசாரணை அத்துடன் முடிந்தது.

ராத்திரியில் சில சமயம் சமையலறைப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வரும். பளீரென்று ஒன்று, பிறகு அமைதி. அழுகை கேட்காது. வேலைக்காரப் பையனைக் கண்டிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புவேன். ஆமாம், படித்துக்கொண்டிருந்தேன். எழுத்து ஓடாத ராத்திரிகளில் ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவல். பெயர் மறந்துவிட்டது. ஆனால் அதில் சமையற்காரியின் மணிக்கட்டில் இருந்த ஒரு சின்னக் கீறலை வைத்து, துப்பறிகிறவன் கண்டுபிடிப்பதற்கு அறுபது பக்கம் முன்னாலேயே நான் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெகு பெருமையாக இருந்தது.

கிளம்புகிற அன்று பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தான். நாலாவது வரைக்கும் படித்திருப்பதாகச் சொன்னான். எனக்கு மனம் இளகிவிட்டது. விலாசத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, "ஏதாவது வேண்டுமானால் எழுது" என்றேன். இரண்டு ரூபாயும் கொடுத்தேன். இந்த மாதிரி சமயங்களில் விலாசம் கொடுப்பது மிகவும் சுலபம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. கொட்டை கொட்டையான எழுத்து, வரி கோணலாக மேலே ஏறிக்கொண்டு போயிற்று. சார் ஒரு தடவை வந்து பாருங்கள், இல்லாவிட்டால் எங்கள் அப்பாவுக்குச் சொல்லுங்கள் என்று இருந்தது. அப்பா இருக்கும் ஊரையும் எழுதியிருந்தான். அந்த வாரம் அத்தியாயம் அனுப்ப வேண்டிய அவசரம். அடுத்த வாரம் தங்கை வீட்டுக் கல்யாணம். கார்டை மேஜை அறையில் வைத்தேன். ஒரு மாதம் வரைக்கும் அதைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். பிறகு அதன் மேல் வேறு காகிதங்கள் சேர்ந்துவிட்டன. நாடகத்து ஆசிரியைக்கு நிமோனியா. எனக்கு ஒரு ஜலதோஷம்கூட இல்லை.

இருபது வருஷம் போயிற்று. ஒரு ஜில்லா ஊர் பஸ் நிலையத்தில், கூட்டம் ஒன்றுக்குப் பேசப் போனவன், டீக் கடையில் நின்றேன். கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கதை எழுதற சாருதானே? மலையில நம்ம விடுதியில தங்கியிருந்தீங்க. வெந்நி கொண்டாருவேனே, ஞாபகம் இருக்கா சார்?"

இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. டம்ளரை வலது கையால் எடுத்து இடது உள்ளங்கையில் தாங்கிக் கொடுத்தார். அந்த விடுதியை விட்டு ஒரு காய்கறி லாரியில் ஏறி ஓடிப்போனதை, யாரோ வேறு பையனுடைய வேடிக்கைக் கதை மாதிரி சொன்னார். கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகள். பிறகு, துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"உங்களுக்கு ஒரு கார்டு போட்டேன் சார். வந்துச்சா?"

என் தொண்டையில் டீ சுட்டது. "கார்டா? வரவில்லையேப்பா" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "நான் அப்பவே நெனச்சேன். எனக்கு எழுத்து அப்ப அவ்வளவா வராது சார். விலாசத்தைத் தப்பா எழுதிட்டேன் போலிருக்கு. கெடச்சிருந்தா வந்திருப்பீங்களே!"

டீக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் என் தமிழ்ப் பேராசிரியரிடம் சொன்னேன். லண்டனிலிருந்து திரும்பிய பிறகுதான் சொல்லத் தைரியம் வந்தது. கொலைக் கதை படிப்பது தப்பா என்று நீர் கேட்டீர், எனக்குத் தெரியாது, ஆனால் எல்லோர் மேலும் சந்தேகப்படுகிற அந்தக் கூர்மையான கண்ணைப் புத்தகத்தோடு சேர்த்து மூடிவிட்டு எழுந்திருக்கப் பழகியிருக்கிறேன், அது தப்பு என்று படுகிறது என்றேன். அந்தக் கொப்புளத்தை ஒரு நாவலில் பார்த்திருந்தால் நான் விட்டிருப்பேனா? வெந்நீர் வலது கைக்காரனுக்கு இடது முழங்கை வரைக்கும் எப்படிக் கொட்டும் என்று கேட்டிருக்க மாட்டேனா?

அவர் வெகு நேரம் பேசவில்லை. குறளைக்கூட எடுக்கவில்லை. பிறகு, "கார்டு வந்தது என்று அவரிடம் சொல்லிவிட்டீரா?" என்று கேட்டார்.

"இல்லை."

"சொன்னால் யாருக்கு லாபம்? அவர் நிம்மதிதான் போகும்."

அந்த வாதம் எனக்கும் தோன்றியதுதான். அதைச் சொல்லித்தான் இத்தனை வருஷம் கழிந்தது. தன் எழுத்துப் பிழைதான் காரணம் என்று ஒருவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அந்தப் பிழை அவர் கணக்கில் இருக்கட்டும் என்று விட்டுவைக்க எனக்கு என்ன உரிமை என்று ஒரு நாள் தோன்றுகிறது. அவருக்கு அது ஒரு சுமையாகவே இல்லை, உன் சுமையை இறக்கி அவர் தலையில் வைக்கப் பார்க்கிறாய் என்று மறுநாள் தோன்றுகிறது. விலாசத்தை அவர் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார் என்பதையாவது அவர் தெரிந்துகொள்ள வேண்டாமா? வீட்டு எண், தெரு, தபால் மாவட்ட எண் எல்லாம் சரி. இன்றைக்கும் எனக்கு அந்தக் கையெழுத்து கண்ணில் நிற்கிறது.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊர் வழியாகப் போனேன். பஸ் நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டீக் கடைகளையெல்லாம் எதிர்ச்சாரிக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னார்கள். பஸ் பத்து நிமிஷம் நின்றது. நான் இறங்கவில்லை.

அவர் பத்திரிகை படிக்கிறவர் இல்லை. கடையில் பேப்பர்கூடப் போடுவதில்லை என்று அன்றைக்கே பேச்சுவாக்கில் சொன்னார். அந்தத் தைரியத்தில்தான் நீங்கள் இதை இங்கே எழுதுகிறீர்கள் என்று என் மனைவி சொல்கிறாள்.